மருந்துக்கு அவகாசம் கொடுங்கள்: மனநலக் கேள்வி–பதில்

மனப்பதற்றத்துக்கும், ஓ.சி.டி. என்று பலரும் அழைக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் மருந்து எடுத்துக்கொள்வது பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களை வரிசையாகப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. மருந்து பலிக்காமல் போனவர்கள் அவற்றில் மிகச் சிலரே. பலிப்பதற்கு முன்பே நிறுத்தியவர்களும், பலித்த பிறகு ஒரே நாளில் கைவிட்டவர்களும், நிறுத்தியிருக்க வேண்டிய வேறொரு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தவர்களும்தான் மிகுதி. ஆகவே எந்த மருந்து என்பதைவிட எத்தனை நாள் என்பதைப் பற்றியே இந்த முறை அதிகம் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியுள்ளோம்.

கேள்வி: எனக்கு 36 வயது. தென்பெண்ணைக் கரையோரம் எங்கள் வீடு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்து வந்த ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. வடிந்த பின் சேற்றையும் சாக்கடையையும் எங்கள் கையாலேயே அள்ளினோம். மற்றவர்கள் அதை மறந்துவிட்டார்கள், என்னால் முடியவில்லை. கை கழுவத் தொடங்கினால் முக்கால் மணி நேரம் ஆகிறது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்தால் கொல்லைப்புறமாகச் சென்று குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறேன். மனநல மருத்துவர் ஃப்ளூஆக்சிடின் 20 மி.கி. எழுதிக் கொடுத்தார். 18 நாட்கள் சாப்பிட்டேன். குமட்டலும் தலைவலியும் வந்தன, கழுவுவது குறையவில்லை. நிறுத்திவிட்டேன். ‘இந்த மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது, மூளை மழுங்கிவிடும்’ என்கிறார் என் மாமியார். ஒரு பழக்கத்தை விடுவதற்கு மாத்திரை எதற்கு, மன உறுதி போதாதா என்று எனக்கே தோன்றுகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: கடைசியில் கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன், சகோதரி. விரல் இடுக்குகள் வெடித்து எரியும்போதும் குழாயடியை விட்டு நகராமல் முக்கால் மணி நேரம் நிற்கிற ஒருவரை மன உறுதி இல்லாதவர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கை கழுவி முடித்ததும் ‘போதும்’ என்ற ஓர் உணர்வு நம் எல்லோருக்கும் தானாக வருகிறது. யாரும் அதை முயன்று வரவழைப்பதில்லை. உங்கள் கை சுத்தமாகிவிட்டது என்று கண் சொல்கிறது, அறிவும் சொல்கிறது, ஆனால் அந்தப் ‘போதும்’ மட்டும் வந்து சேர்வதில்லை. அது வராதவரை மனம் பதறுகிறது, பதற்றம் தணியக் கழுவுகிறீர்கள், கழுவியதால் கிடைத்த சிறு நிம்மதியே அடுத்த முறையும் கழுவச் சொல்லிக் கொடுக்கிறது. வெள்ளம் வடிந்த நாட்களில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கழுவத்தான் வேண்டியிருந்தது. அப்போது அது தேவையும்கூட. மற்றவர்களின் மூளையில் அந்த அபாய மணி ஒரு கட்டத்தில் ஓய்ந்தது, உங்களுக்கு ஓயவில்லை.

இதற்கு மூளையில் ஓர் இடம் உண்டு. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதிக்கும், ஆழத்தில் இருக்கும் காடேட், தாலமஸ் என்ற பகுதிகளுக்கும் இடையே ஓடும் ஒரு சுற்று இந்த நோயில் அளவுக்கு மீறி இயங்குகிறது. 1992-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் லூயிஸ் பாக்ஸ்டரும் அவருடைய குழுவினரும் இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்கு ஃப்ளூஆக்சிடினும், சிலருக்கு மாத்திரை இல்லாமல் நடத்தைப் பயிற்சி மட்டுமே கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். குணம் தெரிந்தவர்களிடம், அவர்கள் எந்த வழியில் வந்திருந்தாலும், வலப்பக்கக் காடேட்டின் இயக்கம் தணிந்திருந்தது. மாத்திரையும் பயிற்சியும் ஒரே இடத்துக்குப் போகும் இரண்டு பாதைகள் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதை வைத்துத்தான். நோய் இலேசாக இருந்தால் பயிற்சி ஒன்றே போதுமானது. உங்கள் கடிதத்தில் உள்ள அளவுக்கு முற்றிய பிறகு இரண்டும் சேர்ந்து வேண்டும் என்பது என் கருத்து.

இனி அந்த 18 நாள் கணக்குக்கு வருவோம். ஃப்ளூஆக்சிடின், செர்ட்ரலின், ஃப்ளூவாக்சமைன், எஸ்சிட்டலோபிராம் போன்றவை ஒரே குடும்பத்து மருந்துகள். நரம்பணுக்களுக்கு இடையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதை இவை தடுக்கின்றன. அந்தத் தடுப்பு மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது; ஆனால் அதற்கு ஏற்ப நரம்பணுக்கள் தம்மை மாற்றி அமைத்துக்கொள்ள வாரங்கள் ஆகின்றன. மனச்சோர்வுக்கு 4 முதல் 6 வாரங்களில் பலன் தெரியும் என்றால், எண்ணச் சுழற்சி நோய்க்கு 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அளவும் இங்கே கூடுதலாகவே தேவைப்படுகிறது. ஃப்ளூஆக்சிடின் என்றால் பெரும்பாலோருக்கு 40 அல்லது 60 மி.கி., சிலருக்கு 80 மி.கி. வரையும், செர்ட்ரலின் என்றால் 200 மி.கி. வரையும் படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கும். நீங்கள் எடுத்துக்கொண்ட 20 மி.கி. வாசற்படி மட்டுமே, வீட்டுக்குள் நுழையும் முன்பே திரும்பிவிட்டீர்கள்.

இதில் தவறு உங்களுடையது என்று நான் எண்ணவில்லை. இந்த நாட்கணக்கை முதல் நாளிலேயே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கின்றன என்பது உண்மை, ஆனால் அந்தச் சில நிமிடங்களில் சொல்லியே ஆக வேண்டிய செய்தி இதுதான் என்று என் துறையினரிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் குமட்டலும் தலைவலியும் முதல் ஒன்றிரண்டு வாரங்களில் பலருக்கும் வருபவை. வயிற்றுப்போக்கு, தூக்கக் குறைவு, ஒரு விதமான படபடப்பு ஆகியவையும் வரலாம். மாத்திரையை உணவுக்குப் பின் எடுத்துக்கொண்டால் குமட்டல் குறையும். ஃப்ளூஆக்சிடின் தூக்கத்தைக் கெடுத்தால் காலையில் எடுத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலோருக்கு இவை தாமாகவே அடங்கிவிடுகின்றன. ஆனால் இருப்புக் கொள்ளாத தவிப்பு, உடலில் தடிப்பு, காய்ச்சலோடு நடுக்கமும் தசை விறைப்பும், வழக்கத்துக்கு மாறான அதீத உற்சாகம், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த முறை பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் சில வாரங்கள் வீட்டார் கூடுதல் கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்காகவும் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. தூக்க மாத்திரைக்கு அடிமையானவர்களை எங்கேனும் பார்த்திருப்பார். மனநல மருத்துவர் தரும் எல்லா மாத்திரையும் அதுதான் என்று எண்ணியிருப்பார். இந்தக் குடும்பத்து மருந்துகள் ஏக்கத்தை உண்டாக்குவதில்லை, நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக் கேட்கவும் வைப்பதில்லை. திடீரென்று நிறுத்தினால் சில நாட்கள் தொந்தரவு இருக்கும் என்பது உண்மை. படிப்படியாகக் குறைத்தால் அதையும் பெருமளவு தவிர்க்கலாம். மூளை மழுங்குவது என்ற பேச்சுக்கு இடமே இல்லை. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் கழுவுவதில் போய்க்கொண்டிருந்தவருக்கு அந்த நேரம் திரும்பக் கிடைக்கும்போது, அறிவு கூர்மையானதுபோலத்தான் அவருக்குத் தோன்றுகிறது.

மருந்தால் என்ன நடக்கும் என்பதையும் அளவோடு சொல்ல வேண்டும். முதலில் தரப்படும் மருந்து ஏறக்குறைய பாதிப் பேருக்கே குறிப்பிடத்தக்க குணத்தைத் தருகிறது. மற்றவர்களுக்கு அதே குடும்பத்தில் இன்னொன்றையோ, குளோமிப்ரமின் என்ற பழைய மருந்தையோ முயன்று பார்க்கிறோம். சிலருக்குத் துணையாக இன்னொரு மருந்தைச் சிறிய அளவில் சேர்க்கிறோம். எண்ணம் முற்றிலும் மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அலறலாகக் கேட்டது முணுமுணுப்பாகக் குறையும். அதைக் கேட்டும் கேளாமல் அடுத்த வேலைக்குப் போக முடியும். இந்த மாற்றம் மெல்ல வருவதால் நோயாளிக்கே தெரியாமல் போய்விடுகிறது. அதனால்தான் பத்துக் கேள்விகள் கொண்ட யேல்–பிரவுன் அளவுகோலைப் பயன்படுத்தி, 40-க்கு எத்தனை என்று அவ்வப்போது அளந்து பார்க்கிறோம். உங்கள் வீட்டில் அதற்குக் கடிகாரம் போதும். உங்கள் கணவரை வாரத்தில் ஒரு நாள், நீங்கள் குழாயடியில் நிற்கும் நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் எட்டாவது வாரத்தில் அரை மணி நேரமாகக் குறைந்திருந்தால், மருந்து தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அப்படித் தொடங்கிய பிறகு பயிற்சியைக் கூட்ட வேண்டும். அஞ்சும் பொருளை வேண்டுமென்றே தொட்டுவிட்டு, கழுவாமல் இருந்து பார்ப்பதுதான் அந்தப் பயிற்சி. பதற்றம் ஏறும், உச்சத்தில் நிற்கும், பிறகு கழுவாமலேயே இறங்கும். அது இறங்குவதை உடம்பே அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வாரம் பிள்ளை சீருடையோடு முன்னறையில் பத்து நிமிடம் உட்காரட்டும். அடுத்த வாரம் உங்கள் அருகில் உட்காரட்டும். பிறகு நீங்களே அந்தப் புத்தகப்பையை எடுத்து உள்ளே வையுங்கள். பிள்ளைகளைக் கொல்லைப்புறமாகச் சென்று குளிக்க வைப்பதை வீட்டார் உங்கள் மேல் உள்ள அன்பால்தான் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஒத்துழைப்பு நோய்க்குப் போடுகிற சோறாகிவிடுகிறது. சண்டை போட்டு ஒரே நாளில் நிறுத்தாமல், எல்லோரும் உட்கார்ந்து பேசி, வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மஞ்சக்குப்பத்தில் உள்ள மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் நீங்கள் உதவி பெறலாம். நிறுத்திய மருந்தை நீங்களே மறுபடி தொடங்காமல், பழைய சீட்டை எடுத்துக்கொண்டு ஒருமுறை நேரில் போய் வாருங்கள்.

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகிறது. அரிவாள்மனையைப் பார்த்தால் குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு காட்சி மனத்தில் பாய்கிறது. உடல் நடுங்குகிறது. அரிவாள்மனையைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போடச் சொல்லிவிட்டேன். குழந்தையைக் குளிப்பாட்டக்கூட அம்மாவைத்தான் அழைக்கிறேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. நான் பாவியா, எனக்குப் பைத்தியமா? மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?
— ஒரு தாய், அரியாங்குப்பம்

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்ததற்கு உங்களை வணங்குகிறேன். நீங்கள் பாவியும் அல்ல, நீங்கள் அஞ்சும் பொருளில் பைத்தியமும் அல்ல. பிள்ளை பெற்ற பின் வரும் எண்ணச் சுழற்சி நோய் இப்படித்தான் இருக்கும். மனத்துக்கு எது மிகவும் அருமையோ அதையே பிடித்துக்கொண்டு ஆட்டுவது இந்த நோயின் குணம். பக்தி மிகுந்தவருக்குக் கருவறை முன் நிற்கும்போது சாமியைப் பற்றிய ஆபாசமான எண்ணம் வரும். பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருக்கும் தாய்க்குப் பிள்ளையைப் பற்றி வரும். எண்ணம் வந்ததும் நீங்கள் நடுங்கினீர்கள், அரிவாள்மனையை அகற்றினீர்கள், குழந்தையை அம்மாவிடம் கொடுத்தீர்கள். அந்த எண்ணம் உங்கள் விருப்பத்துக்கு நேர் எதிரானது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. இவ்வகை எண்ணத்தால் துடிக்கும் தாய்மார்கள் அதைச் செய்துவிடுகிறவர்கள் அல்லர்.

ஆனால் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு நிலை உண்டு. பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில பெண்களுக்குத் தூக்கம் அடியோடு போய், காதில் குரல் கேட்டு, குழந்தை தீய சக்தி என்றோ குழந்தையைக் கொல்வதே அதற்கு நல்லது என்றோ உறுதியான நம்பிக்கை வந்துவிடும். அந்த எண்ணம் அவர்களுக்கு அச்சத்தைத் தருவதற்குப் பதிலாகச் சரியென்றே படும். அது அவசர நிலை. அப்படிப்பட்ட தாயையும் குழந்தையையும் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. இருந்தாலும் நேரில் ஒருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாய்ப்பால் கொடுக்கும் பெண்களுக்குச் செர்ட்ரலினைத்தான் பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுக்கிறோம், ஏனென்றால் பாலில் கலந்து குழந்தைக்குப் போய்ச் சேரும் அளவு மிக மிகக் குறைவு. ஃப்ளூஆக்சிடின் அதைவிடக் கூடுதலாகக் கலக்கும். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, எடை சரியாக ஏறாமல் இருந்தாலோ குழந்தை மருத்துவரையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் உங்களுக்குத் தொலைவில்லை. அங்கே மனநலத் துறையும் குழந்தை நலத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வெளியில் போவதற்கு முன் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால், ஒன்றிய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னால் உங்களுக்கு எளிதாக இருக்கலாம்.

கேள்வி: எனக்கு 48 வயது, சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் திடீரென்று மார்பு அடைத்து உயிரே போவதுபோல வந்தது. ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் சரியாக இருந்தன. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி அல்பிரசோலம் 0.5 மி.கி. கொடுத்தார்கள். அதன் பின் மருத்துவரைப் பார்க்கவில்லை. பழக்கமான மருந்துக் கடையில் அட்டையாக வாங்கி, காலை ஒன்றும் இரவு ஒன்றும் போட்டுக்கொள்கிறேன். நடுவில் இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். கை உதறல், வியர்வை, தூக்கமே இல்லை. என் நோய் இன்னும் தீரவில்லை என்று தெரிந்துகொண்டேன். நிறுத்த வழி உண்டா?
— வில்லியனூர் வாசகர்

பதில்: ஐயா, அந்த இரண்டு நாட்களில் நீங்கள் கண்டது முழுக்கப் பழைய நோயாக இருக்க வாய்ப்பில்லை, பெரும்பகுதி மாத்திரை உடம்பை விட்டு இறங்கியபோது ஏற்பட்ட எதிர்விளைவு. அல்பிரசோலம் அரை மணி, ஒரு மணி நேரத்தில் பதற்றத்தை அடக்கும், சில மணி நேரங்களில் இறங்கிவிடும். இறங்கும்போது பதற்றம் முன்னைவிட வேகமாக எழும், உடனே அடுத்த மாத்திரை தேவைப்படும். இந்த ஏற்ற இறக்கத்தையே நோய் என்று நம்பிப் பலர் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். நான் மேலே எழுதிய செரட்டோனின் மருந்துகளுக்கும் இதற்கும் உறவே இல்லை. அவை மெல்ல வந்து நிலைத்து நிற்பவை. இது விரைந்து வந்து விரைந்து போவது, பழக்கத்துக்கும் உள்ளாக்குவது. அல்பிரசோலம், குளோனாசிபம், டயசிபாம் போன்றவற்றைத் தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்கள், மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை ஒரு கைத்தடியாகத் தருவது உண்டு. அதற்கு மேல் நீள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

தயவுசெய்து நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டதைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். முதலில் எஸ்சிட்டலோபிராம் அல்லது செர்ட்ரலின் மிகச் சிறிய அளவில் தொடங்கி, அது நிலைபெற்ற பின் அல்பிரசோலத்தை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைப்பதுதான் வழக்கம். சிலருக்கு நீண்ட நேரம் உடலில் தங்கும் மாத்திரைக்கு மாற்றி, அதிலிருந்து குறைப்போம். கடைசிக் கால் மாத்திரையை விடுவதுதான் பலருக்கும் கடினம். அங்கே அவசரப்படக் கூடாது. மொத்தத்தில் சில மாதங்கள் ஆகும். அதற்குள் தைராய்டு, இரத்தச் சோகை இரண்டுக்கும் சோதனை செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டுமே படபடப்பைத் தரும். கடையில் உட்கார்ந்தபடி நாளைக்கு ஆறேழு முறை காபி குடிப்பவராக இருந்தால் அதையும் பாதியாகக் குறையுங்கள். மது அருந்தும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு.

மருந்துக் கடைக்காரரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அல்பிரசோலம் ‘ஹெச் 1’ என்ற அட்டவணையில் உள்ள மருந்து. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது. நோயாளியின் பெயரையும் எழுதிக் கொடுத்த மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழகிய முகம் என்பதற்காக அட்டையை எடுத்து நீட்டுகிறவர் உங்களுக்கு நன்மை செய்வதாகவே நினைத்திருப்பார். ஆனால் அந்த விதி ஒழுங்காகப் பின்பற்றப்பட்டிருந்தால், நான்கு ஆண்டுகளில் எத்தனையோ முறை நீங்கள் மருத்துவர் முன் உட்கார நேர்ந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: என் தந்தைக்கு 67 வயது. பதற்றத்துக்காக எஸ்சிட்டலோபிராம் தொடங்கியிருக்கிறார்கள். இதற்குப் பத்தியம் உண்டா? மீன், கருவாடு சேர்க்கலாமா? மூட்டு வலிக்குச் சித்த மருந்தும் சாப்பிடுகிறார்.
— இலாசுப்பேட்டை வாசகி

பதில்: மீன், கருவாடு, கத்தரிக்காய் எதற்கும் தடையில்லை. தடை மதுவுக்குத்தான். உணவைவிட மற்ற மருந்துகளில்தான் கவனம் தேவை. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளையும், இதயத்துக்காக ஆஸ்பிரினையும் எடுத்துக்கொள்பவர்களுக்கு இதனோடு சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. டிரமடால் என்ற வலி மாத்திரையைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை எடுத்துக்கொள்ளும் முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையலாம். தந்தை திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் சோடியம் அளவைப் பாருங்கள். அவர் வயதில் ஓர் ஈ.சி.ஜி.யும் எடுத்துக்கொள்ள வேண்டும். சித்த மருத்துவரிடம் இந்தச் சீட்டையும், எங்களிடம் அவர் சீட்டையும் காட்டுங்கள். ஒருவேளை மாத்திரை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

கேள்வி: எனக்கு 27 வயது. பூட்டு, கேஸ், மின்விசிறி எல்லாவற்றையும் இருபது முறை சரிபார்க்கும் நோய் இருந்தது. ஃப்ளூவாக்சமைன் 200 மி.கி.யில் எட்டு மாதங்களாக நன்றாக இருக்கிறேன். தை மாதத்தில் எனக்குத் திருமணம். அதற்குள் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், பெண் வீட்டாருக்குத் தெரியவே கூடாது என்கிறார்கள் பெற்றோர். மாத்திரையால் தாம்பத்தியத்தில் குறை வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்ய?
— நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: தம்பி, எட்டு மாத நலம் மருந்தும் உங்கள் உழைப்பும் சேர்ந்து தந்தது. அதைக் குலைக்கத் திருமணத்தைவிட மோசமான காலம் இருக்க முடியாது. புது வீடு, புது மனிதர்கள், குறைந்த தூக்கம், பணப் பொறுப்பு எல்லாம் ஒன்றாக வந்து சேரும் அந்த வாரங்களில்தான், அடங்கியிருக்கும் சரிபார்ப்பு மறுபடி தலைதூக்கும். நலம் பெற்ற பின்னும் ஓராண்டு முதல் ஈராண்டு வரை அதே அளவில் தொடர வேண்டும் என்பதே பொதுவான நெறி. அதன் பின் குறைப்பதானாலும் ஒன்றிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை மட்டுமே குறைத்து, ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சுண்டுவதுபோன்ற உணர்வு ஆகியவை சில நாட்கள் படுத்தும். அவை போன பின், சில வாரங்களிலோ மாதங்களிலோ நோயே திரும்புவது பலருக்கும் நேர்கிறது.

நண்பர்கள் சொன்னதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். இந்தக் குடும்பத்து மருந்துகளால் நாட்டம் குறைவதும், விந்து வெளியேறத் தாமதமாவதும் கணிசமானவர்களுக்கு நேர்கின்றன. பெரும்பாலும் இது அளவைப் பொறுத்தது, மருந்தைக் குறைக்கும்போது பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. உங்களுக்கு இப்போது அப்படி ஏதேனும் இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அளவைச் சற்று மாற்றியோ, வேறு மருந்துக்கு மாறியோ சரிசெய்ய வழிகள் இருக்கின்றன. கேட்காமலேயே நிறுத்திவிட்டு நோயோடு திரும்பி வருகிறவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

பெண் வீட்டாரிடம் சொல்வது பற்றி: மருத்துவச் சட்டப்படி உங்கள் நோய் விவரம் உங்களுக்கு உரியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதன் இரகசியத்தைக் காக்கிறது. நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். ஆனால் என்னுடைய சொந்தக் கருத்தைக் கேட்டால், ஊராருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பெண்ணுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒளித்து வைத்து விழுங்கும் மாத்திரை ஒருநாள் அலமாரியில் அகப்படும். அப்போது அவர் மனத்தில் நோயைவிடப் பெரிதாக நிற்பது, மறைத்தார்கள் என்பதுதான். ‘எனக்கு இப்படி ஒரு தொந்தரவு இருந்தது, சிகிச்சை எடுத்து நன்றாக இருக்கிறேன், மருந்து இன்னும் சில காலம் தொடரும்’ என்று மூன்று வரியில் சொல்லலாம். அவர் விரும்பினால் உங்கள் மருத்துவரை ஒருமுறை இருவருமாகச் சேர்ந்து பார்க்கலாம். அப்படி வரும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘நான் இவருக்கு எப்படி உதவ வேண்டும்?’ என்பதாகவே இருப்பதைக் கண்டிருக்கிறேன். நள்ளிரவில் ‘கேஸை மூடிவிட்டேனா?’ என்று நீங்கள் கேட்டால் அவர் பத்து முறை பதில் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பெற்றோரையும் அடுத்த முறை உடன் அழைத்துச் செல்லுங்கள். மருந்தை எப்போது, எப்படிக் குறைப்போம் என்பதை மருத்துவர் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும். திருமண அலைச்சலில் ஒரு நாளும் விட்டுப்போகாமல் இருக்க, ஒரு மாதத்துக்கான மாத்திரைகளை முன்கூட்டியே வாங்கி, சீட்டோடு உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.